மங்களம் பாடாத நாடகம்

ராசா வேசத்து முடியின் உள்பட்டி ஈரமாக இருந்தது.

மேனுகா முதலில் அதை மழைக்காலத்து ஈரம் என்றுதான் நினைத்தாள். கார்த்திகை பிறந்ததிலிருந்து வட்டக்கச்சியில் காய்ந்த பொருள் என்று ஒன்று இல்லை. தலையணை உறை, உப்புப் போத்தல், பள்ளிக்கூடத்துக்குக் கட்டும் சேலையின் கரை எல்லாமே பிசுபிசுத்தன. ஆனால் முடி அலுமாரிக்குள் இருந்தது. அலுமாரி பூட்டியிருந்தது. உள்ளே சப்பாத்துப் பெட்டிகளிலிருந்து அவள் சேர்த்துவைத்த ஈரம் உறிஞ்சும் பொட்டலங்களும், காய்ந்த வேப்பிலையும், பூச்சி உருண்டைகளும் கிடந்தன. பக்கத்துத் தட்டிலிருந்த பழைய நாடக நோட்டீசுகள் தொட்டால் மொறுமொறுத்தன. முடியின் உள்ளே தலையைச் சுற்றிப் பிடிக்கும் சிவப்பு வெல்வெட் பட்டி மட்டும், அதிலும் நெற்றியில் படுகிற பக்கம் மட்டும், நனைந்து கறுத்திருந்தது. விரலால் தொட்டாள். ஈரத்தில் சூடு இருந்தது. விரலை மூக்கருகே கொண்டுபோனாள். நல்லெண்ணெய், முகத்துக்குப் பூசும் முத்துவெள்ளை, அவற்றுக்கு அடியில் மூச்சுவாங்க உழைத்த ஒரு மனிதனின் வியர்வை.

விரலைச் சேலையில் துடைத்தாள். முடியை விறாந்தைக்குக் கொண்டுபோய், வெயில் எறித்தால் படக்கூடிய இடத்தில் கவிழ்த்து வைத்துவிட்டு, தேத்தண்ணீர் வைக்கக் குசினிக்குள் போனாள். பயம் வரவில்லை. கடைசிச் சண்டைக்குள்ளிருந்து வெளியே வந்த நாளிலிருந்து அவளுக்கு எதுவும் சட்டென்று வருவதில்லை. பல்லுப் பிடுங்க ஊசி போட்ட கன்னம் மாதிரித்தான் அவளுடைய மனம். தொட்டால் தொட்டது தெரியும். நோவு தெரியாது.

கிளிநொச்சியில் ஒரு பாடசாலையில் அவள் நாடகமும் அரங்கியலும் படிப்பித்தாள். கூத்தைப் பற்றிப் பக்கம் பக்கமாக எழுதி நல்ல பெறுபேறு எடுக்கிற பிள்ளைகள், ஒரு சதங்கையைக் கையில் தூக்கிப் பார்த்ததில்லை. இருந்ததெல்லாம் இடப்பெயர்வுகளோடு போய்விட்டது. வவுனியாவில் பழைய தளபாடம் விற்கும் முத்தலிப் நானாவிடம் வாங்கிய அலுமாரியின் இழுப்பு லாச்சிக்குள் விரித்துக் கிடந்த ரோஸ் நிறத் தாளை ஒருநாள் உரித்தெடுத்தபோதுதான் அது ஒரு நாடக நோட்டீஸ் என்று கண்டாள். 'பெண்களுக்குத் தனியிடம் உண்டு' என்று அடியில் அச்சிட்டிருந்தது. அதிலிருந்து தொடங்கியது இந்தச் சேகரிப்பு. நானாவும் பழைய சாமான்களுக்குள் அகப்படும் தாள்களை அவளுக்கென்று எடுத்துவைத்தார். நுழைவு ரிக்கற் துண்டுகள், மரவாள், ராணி வேசக்காரர் போட்ட கண்ணாடி வளையல், ஹார்மோனியத்தின் உடைந்த கட்டைகள் என்று வீட்டின் ஓர் அறை நிரம்பிவிட்டது.

கிழிந்த நோட்டீசுகளை ஒட்டுவது அவளுடைய கணவன் யோகலிங்கத்தின் வேலை. முதுகுத்தண்டுக்குள் போன எறிகணைச் செல் துண்டு இன்னும் அங்கேயே இருந்தது; இடுப்புக்குக் கீழே அவருக்கு ஒன்றும் தெரியாது. கைகள் மட்டும் தையற்காரரின் கைகள் போல நிதானமானவை. சக்கர நாற்காலியை மேசையடிக்கு உருட்டி, கோதுமை மாப் பசையைத் தூரிகையால் தொட்டு, பட்டம் கட்டும் மெல்லிய தாளைக் கிழிசலின் பின்பக்கம் வைத்து மூச்சைப் பிடித்துக்கொண்டு ஒட்டுவார். நாடகத்தில் அவருக்கு விருப்பம் கிடையாது. "விடிய விடிய முழிச்சிருந்து இதைப் பாத்த சனத்துக்கு என்ன பொறுமை அப்பா" என்பார்.

முடி வந்தது உடையார்கட்டிலிருந்து. அங்கே கமலாசனி என்ற பெண்ணின் வளவில் மலசலகூடத்துக்குக் குழி வெட்டியபோது, மண்வெட்டி ஒரு நீலப் பிளாஸ்ரிக் பரலில், பெரிய பீப்பாய் ஒன்றில், முட்டியிருக்கிறது. வாய் ரயர் ரியூப்பால் இறுக்கிக் கட்டியிருந்தது. உள்ளே ராச உடுப்பு, கண்ணாடித் துண்டு பதித்த முடி, தோளணிகள், சதங்கைகள், முத்துவெள்ளை ரின், 'நெடுங்குடை ராசன்' என்ற நாடகத்தின் ஒரு கட்டு நோட்டீஸ். கமலாசனியின் தகப்பன் ஐயாத்துரை அந்த நாடகத்தைப் பழக்கி மேடையேற்றிய அண்ணாவியார். இடம்பெயர்வதற்கு முன் புதைத்தவர், முகாமில் இறந்துபோனார். மேனுகாவைப் பற்றி யாரோ சொல்லக் கேட்டுக் கமலாசனியே தொலைபேசியில் கூப்பிட்டாள். மேனுகா போனபோது கமலாசனி பரலைத் தொடாமல் தள்ளி நின்றாள்.

"எல்லாத்தையும் கொண்டுபோங்கோ ரீச்சர். ஒண்டையும் விட்டிட்டுப் போகாதேங்கோ."

"ஞாபகத்துக்கு ஏதும் வச்சிருக்க வேண்டாமோ அக்கா?"

"வேண்டாம்." பரலைப் பார்த்துக்கொண்டே கேட்டாள். "வீட்டில ஆம்பிளையள் இருக்கினமோ?"

"அவர் இருக்கிறார். ஆனா நடக்க ஏலாது."

கமலாசனியின் தோள்கள் தளர்ந்தன. "அப்ப பறவாயில்லை" என்றாள்.

முடியைக் காயவைத்த அடுத்த காலையும் பட்டி நனைந்திருந்தது. அதற்கடுத்த காலையும். மேனுகா ஒவ்வொரு நாளும் துடைத்தாள், காயவைத்தாள், பூட்டினாள். தனித்தனியாகத் துணியில் சுற்றி வைத்த சதங்கைகள் துணிக்கு வெளியே கிடந்தன. துணி மட்டும் நான்காக மடித்து ஒரு பக்கத்தில் இருந்தது. அவள் மறுபடி சுற்றி வைத்தாள். இரவில் அவளுக்கு ஒரு சத்தமும் கேட்பதில்லை. நித்திரைக்கென்று ஆஸ்பத்திரியில் தந்த குளிசையைச் சாப்பாட்டுக்குப் பிறகு விழுங்கினால், விடியும்வரை அவள் ஒரு மூடிய கிணறு.

பின்னேரங்களில் கணவனின் கால்களைப் பார்ப்பது நெடுங்காலத்துப் பழக்கம். எறும்பு கடித்தாலும் நெருப்புச் சுட்டாலும் அவருக்குத் தெரியாது என்பதால் ரோச் அடித்து விரல் இடுக்கு, குதிக்கால், கணுக்கால் எல்லாம் பார்த்து, எண்ணெய் தடவிவிடுவாள். இத்தனை வருடம் நிலத்தில் படாத பாதங்கள். பிறந்த குழந்தையின் பாதம்போல ரோஸ் நிறத்தில், சுருக்கமில்லாமல், மெத்தென்று இருக்கும். அன்று பின்னேரம் வலது கால் விரல்களுக்கு நடுவே சேறு இருந்தது. காய்ந்து வெடித்த, முற்றத்துச் சேறு.

"என்ன பாக்கிறீர்?" என்றார் யோகலிங்கம்.

"ஒண்டுமில்லை."

"எறும்போ?"

"இல்லை." ஈரத்துணியால் துடைத்துவிட்டாள்.

பிறகு குதியில் நீர்கோத்த கொப்புளம் வந்தது. அது உடைந்து தோல் உரிந்தது. உரிந்த இடத்தில் புதுத்தோல் மூடி, அந்தத் தோல் தடித்தது. பாதத்தின் விளிம்பு வயலில் வேலை செய்பவர்களின் பாதம்போல மஞ்சளாக இறுகி வெடித்தது. மேனுகா எண்ணெய் தடவினாள். உள்ளங்கைக்கு அது சொரசொரத்தது. காய்த்துப்போன தோலின் மணம், வைக்கோலும் உப்பும் கலந்த மணம், எண்ணெயையும் தாண்டி வந்தது. ஒன்றும் கேட்கவில்லை அவள். கேட்டால் அவர் பதில் சொல்லவேண்டியிருக்கும். அவருக்குச் சொல்ல ஒன்றும் இருக்காது.

ஒரு பின்னேரம் மழை ஓட்டில் அடித்துப் பெய்துகொண்டிருக்க, பெருவிரலை அழுத்தித் துடைத்தபோது விரல் அசைந்தது.

கையை எடுத்தாள். மறுபடி அழுத்தினாள். விரல், ஒரு பூனையின் காது போல, தன்பாட்டில் மடங்கி விரிந்தது. யோகலிங்கம் வானொலியில் செய்தி கேட்டுக்கொண்டிருந்தார். அவருக்குத் தெரியவில்லை. மேனுகாவின் நெஞ்சுக்குள் எங்கேயோ, மறந்துபோன ஓர் இடத்தில், ஏதோ குத்தியது. அதற்குப் பெயர் தெரியாமல் அவள் சற்றுநேரம் அந்தக் காலை மடியில் வைத்துக்கொண்டு இருந்தாள். இவர் எழும்பி நடந்து, கிணற்றடிக்குப் போய், தானே தண்ணீர் அள்ளி முகம் கழுவுவார். அந்தக் காட்சி வந்தது. அவளாகக் கூப்பிடவில்லை. வந்தது.

அன்றிரவு முடியைத் துடைத்து அலுமாரிக்குள் வைத்தாள். பூட்டவில்லை. திறப்பைக் கதவிலேயே விட்டுவிட்டுக் குளிசையை விழுங்கினாள்.

கால்கள் தேறின. சூம்பிக் கிடந்த கெண்டைச் சதை திரண்டது. தொடை இறுகியது. ஆனால் இடுப்புக்கு மேலே யோகலிங்கம் வற்றிக்கொண்டே போனார். கண்கள் குழிக்குள் போயின. நெற்றியைச் சுற்றி ஒரு சிவந்த கோடு, இறுக்கமான தொப்பி போட்டுக் கழற்றியது போலப் பதிந்து, பகலில்கூட மறையவில்லை. நோட்டீசை ஒட்டும்போது தூரிகை நடுங்கிப் பசை எழுத்தின்மேல் வழிந்தது. அவர் தாள் ஒன்றைப் பழுதாக்கி அவள் பார்த்தது அதுதான் முதல் தடவை.

"எனக்குக் களைக்குது மேனுகா" என்றார். "நித்திரை கொண்டும் களை தீருறதில்லை. கனவு."

"என்ன கனவு?"

"சனம். ஒரு வெளி நிறைய. இருட்டுக்குள்ள இருந்து என்னைப் பாத்துக்கொண்டு இருக்குதுகள். நான் முடிப்பம் எண்டு பாக்கிறன். விடுகுதுகள் இல்லை." அவர் தூரிகையைத் தண்ணீருக்குள் போட்டார். "இரவில ஆரும் என்னைத் தூக்கிக்கொண்டு போகினமோ?"

"ஆர் தூக்குறது? நீங்கள் கிடந்த இடத்திலதானே கிடக்கிறியள்."

அவர் அவளை நிமிர்ந்து பார்த்தார்.

அடுத்து வந்த பின்னேரம் ரோச் வெளிச்சத்தில் இடது குதி வேறுவிதமாகத் தெரிந்தது. தடித்த தோல் முழுக்கத் தேய்ந்துபோயிருந்தது. அதற்குக் கீழே சதை. சதைக்கு நடுவே, நகம் அளவுக்கு, வெள்ளையாக ஒன்று. இரத்தம் அதிகம் இல்லை. பெருவிரல் நகத்தைக் காணவில்லை. கட்டிலின் கீழே, வாசற்படியில், அலுமாரி இருந்த அறையின் சீமெந்தில், வட்டம் வட்டமாகக் காய்ந்த கறுப்புக் கறை.

"நோகுதோ?" என்று கேட்டாள். கேட்டபிறகுதான் எவ்வளவு அர்த்தமில்லாத கேள்வி என்று தெரிந்தது.

"எது?" என்றார் அவர்.

மருந்து கட்டிவிட்டு, குசினிக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டு கமலாசனியைத் தொலைபேசியில் கூப்பிட்டாள். காலைப் பற்றிச் சொன்னாள்.

"அவருக்கு நடக்க ஏலாதெண்டெல்லோ சொன்னனீங்கள்" என்றாள் கமலாசனி. "கொண்டுவாங்கோ ரீச்சர். எல்லாத்தையும் கொண்டுவாங்கோ."

சனிக்கிழமை காலையில் பரலை ஓட்டோவில் ஏற்றினாள். யோகலிங்கத்துக்குச் சோறும் தண்ணீரும் கைக்கெட்டும் இடத்தில் வைத்தாள். பக்கத்து வளவு இராசேஸ்வரியிடம், ஒருக்கா எட்டிப் பார்க்கச் சொன்னாள். யோகலிங்கம் விறாந்தையில் நாற்காலியில் இருந்தபடி பரலைப் பார்த்தார். "நல்லது. கொண்டுபோய்க் குடுத்திட்டு வாரும்" என்றார். அவளுக்கு முகத்தைக் காட்டாமல் சொன்னார்.

கமலாசனி அவளை வீட்டுக்குள் கூப்பிடவில்லை. வளவின் பின்பக்கம், வாழைகளுக்கு அப்பால், மழைத்தண்ணீர் தேங்கி நின்ற வெட்டைவெளிக்குக் கூட்டிப்போனாள்.

"இந்த இடத்திலதான் மேடை போட்டது" என்றாள். "இடம்பெயர்ந்த சனம் முழுக்க இஞ்சதான் தறப்பாள் கொட்டிலுக்குள்ள கிடந்தது. பிள்ளையள் சத்தத்துக்குப் பயந்து ஏங்குதுகள், ஒரு இரவாவது அதுகள் வேற சத்தம் கேக்கட்டும் எண்டு அப்பா நாடகம் போட்டவர். நல்ல சனம் வந்தது. பாதி நாடகத்தில செல்லடி துவங்கீட்டுது."

"பிறகு?"

"நாடகக்காரர் எல்லாரும் மேடைக்குப் பின்னால வெட்டியிருந்த பங்கருக்குள்ள குதிச்சிட்டம். நான், அப்பா, ராசா வேசம் கட்டினவர், மிருதங்கம் அடிச்சவர், எல்லாரும். உள்ளுக்க குந்தியிருக்கேக்க மேல சதங்கைச் சத்தம் கேக்குது. ஆடுற சத்தம். அப்பா ஒவ்வொருத்தரா முகத்தைத் தடவிப் பாத்தார். எல்லாரும் இருக்கிறம். ராசா வேசக்காரர் எனக்குப் பக்கத்தில நடுங்கிக்கொண்டு இருக்கிறார். உடம்பில உடுப்பில்லை. கழட்டினது தனக்குத் தெரியாதாம்."

மேனுகா தண்ணீரைப் பார்த்துக்கொண்டு நின்றாள்.

"மேல ஆடினது ஆரெண்டு நாங்கள் எட்டிப் பாக்கேல்லை ரீச்சர். விடிஞ்சு ஏறினால் உடுப்பு மேடையில கிடக்குது. பாத்துக்கொண்டிருந்த சனத்துக்குப் பங்கர் இருக்கேல்லை." அவள் வெட்டையைக் கையால் காட்டினாள். ஓர் ஓரத்திலிருந்து மற்ற ஓரம்வரை. "இருந்த இடத்திலேயே இருந்தினம். வரிசையா. மடியில பிள்ளையளோட. முகமெல்லாம் மேடைப் பக்கம்."

காற்று வாழையிலைகளைக் கிழித்துக்கொண்டு போனது.

"மங்களம் பாடாமல் உடுப்புக் கழட்டக்கூடாது. அப்பா சொல்லிச்சொல்லி அழுதவர். இன்னொருக்கா ஆடி முடிப்பம் எண்டால் முழுக் கதையும் அவருக்கு மட்டும்தான் தெரியும். வாயால பழக்கினது. முகாமில செத்தும் போனார்."

"இப்ப என்ன செய்யிறது?"

"எரிப்பம்" என்றாள் கமலாசனி.

மேனுகா இதுவரை ஒரு தாள் துண்டைக்கூட எறிந்ததில்லை. ரிக்கற்றின் கிழிந்த மூலையைக்கூட உறைக்குள் போட்டு வைத்திருந்தாள். இப்போது தன் கையாலேயே வெல்வெட் உடுப்பை விரித்து, அதன்மேல் தோளணிகளையும் சதங்கைகளையும் வைத்து, முடியைக் கடைசியாக வைத்தாள். பட்டி அப்போதும் சூடாக இருந்தது. கமலாசனி மண்ணெண்ணெயை ஊற்றினாள். முதலில் புகைந்தது. பிறகு பற்றியது. மணிகள் வெடித்தன. கண்ணாடித் துண்டுகள் ஒவ்வொன்றாகக் கறுத்தன. நோட்டீசுக் கட்டைப் போட்டபோது அது பூப்போல விரிந்து சுருண்டது. மேனுகா அடிக்கடி கண்ணைத் துடைத்தாள். புகை.

திரும்பி வரும்போது பஸ்சில் சனம் குறைவாக இருந்தது. யன்னலுக்கு வெளியே பின்னேரம் நேரத்தோடு இருண்டு வந்தது. வயல்களில் தண்ணீர் ஈயத்தகடு போலக் கிடந்தது. சேலையில் புகை மணம். கைகளில் மண்ணெண்ணெய் மணம். முடிந்துவிட்டது என்று நினைத்தாள். கால்கள் பழையபடி சூம்பிப்போகும். புண் ஆறும். பாதம் மெத்தென்று ஆகும். அதற்காக வருத்தப்படுகிறாளா என்று தன்னைக் கேட்டுப் பார்த்தாள். பரந்தனில் இறங்கி ஓட்டோவில் ஏறியபோது தொலைபேசி அடித்தது. இராசேஸ்வரி.

"என்ன ரீச்சர், எங்களுக்கு ஒரு சொல்லுச் சொல்லாமல் விசேசம் வச்சிருக்கிறியள்?"

"என்ன விசேசம்?"

"உங்கட வளவு நிறையச் சனம். இந்த மழைக்குள்ள. எட்டிப் பாப்பம் எண்டு வந்தனான். படலையடியில நிண்டு கூப்பிட்டன், ஒருத்தரும் திரும்பிப் பாக்கினமில்லை. எல்லாரும் நிலத்தில இருக்கினம்." அவளுடைய குரல் இறங்கியது. "ஆர் ரீச்சர் அவை?"

மேனுகா தொலைபேசியை மடியில் வைத்தாள். ஓட்டோக்காரர் ஏதோ கேட்டார். தலையாட்டினாள். வாய்க்கால் கரைவழியே போகும்போது கரண்ட் போய்விட்டது. இரு பக்கமும் வீடுகள் இருளுக்குள் அமிழ்ந்தன. இராசேஸ்வரியின் வீட்டுக் கதவு சாத்தியிருந்தது. யன்னல்களும்.

ஓட்டோ போய்விட்டது.

மழை. மழையின் சத்தம் மட்டும். படலையைத் தள்ளினாள்.

அவர்கள் இருந்தார்கள்.

படலையடியிலிருந்து விறாந்தைப் படிவரை, மாமரத்தின் கீழும், கிணற்றடியிலும், வரிசை வரிசையாக. உரப்பை விரித்து இருந்தவர்கள். தறப்பாள் துண்டைத் தலைக்குமேல் பிடித்திருந்தவர்கள். சாரத்தை இழுத்துப் போர்த்திய கிழவர்கள். பெண்கள் ஒரு பக்கமாக. மடியில் பிள்ளைகள். மழை அவர்கள்மேல் விழுந்தது. விழுந்த சத்தம் கேட்கவில்லை. ஒருவரும் திரும்பவில்லை. எல்லா முகமும் விறாந்தையைப் பார்த்தபடி.

விறாந்தையில் வெளிச்சம் இருந்தது. விளக்கு இல்லை. வெளிச்சம் மட்டும்.

சக்கர நாற்காலி ஓரமாகத் தள்ளப்பட்டுக் கிடந்தது. யோகலிங்கம் ஆடிக்கொண்டிருந்தார்.

சாரமும் பெனியனும்தான் உடுத்திருந்தார். தலையில் முடி இல்லை. நெற்றியில் முடியின் கோடு மட்டும் ஆழமாகப் பதிந்து, அதற்குக் கீழே வியர்வை வழிந்தது. கால்கள் மிதித்தன. சுழன்றன. மறுபடி மிதித்தன. வெறும் கணுக்கால்களிலிருந்து சதங்கை ஒலித்தது. இடுப்புக்கு மேலே உடம்பு தொய்ந்து, கொடியில் போட்ட ஈரச்சட்டைபோல அந்தக் கால்களின் மேல் ஆடியது. கைகள் தூணைப் பிடிக்கப் பார்த்தன. கால்கள் விடவில்லை. காலில் கட்டியிருந்த மருந்துத் துணி அவிழ்ந்து பின்னால் இழுபட்டது.

அவர் அவளைக் கண்டார்.

"மேனுகா." தேத்தண்ணீர் கேட்கிற குரல். "பயப்பிடாதையும். நோகேல்லை."

அவள் வரிசைகளுக்கு நடுவால் நடந்தாள். நனைந்த தறப்பாள் மணம். மண் மணம். பெண்கள் முழங்கால்களை ஒதுக்கி வழிவிட்டார்கள்.

"ஒண்டும் தெரியேல்லை" என்றார் அவர். "எவ்வளவு நேரமா ஆடுறன் எண்டும் தெரியேல்லை. நிப்பாட்டச் சொல்லுமன்."

இடுப்பைக் கட்டிப்பிடித்தாள். அந்தக் கால்களின் பலம் அவளைத் தூக்கி எறிந்தது. எழும்பினாள். மறுபடி பிடித்தாள். மறுபடி விழுந்தாள். விறாந்தை வழுக்கியது. கையைப் பார்த்தாள். சிவப்பு.

மங்களம்.

அது அவளுக்குத் தெரியும். வருடா வருடம் பிள்ளைகளுக்குப் படிப்பிப்பது. மேடையின் நடுவே நின்று, சனத்தைப் பார்த்துத் திரும்பி, வாயைத் திறந்து பாடினாள். குரல் கிறீச்சிட்டது. பாடினாள். கடைசி அடிவரை பாடி, கைகூப்பினாள்.

பின்னால் கால்கள் மிதித்தன. சுழன்றன.

முன்வரிசையில் இருந்த பெண் அவளை நிமிர்ந்து பார்த்தாள். நனைந்த தலைமயிர் கன்னத்தில் ஒட்டியிருந்தது. மடியில் ஒரு பிள்ளை.

"இப்பவே ஏன் பாடுறியள் தங்கச்சி?" என்றாள். கோபமில்லை. நெடுநாள் காத்திருந்து களைத்த குரல். "கதை இன்னும் கிடக்கு."

பின்வரிசைகளில் தலைகள் மெல்ல ஆடின.

"அந்தக் கதை ஒருத்தருக்கும் தெரியாது" என்றாள் மேனுகா.

அந்தப் பெண்ணுக்கு அது விளங்கியதாகத் தெரியவில்லை. பிள்ளையைச் சற்று உயர்த்தி மடியில் இருத்தினாள்.

"பிள்ளைக்கு மறைக்குது. கொஞ்சம் கீழ இருங்கோ."

மேனுகா படியிறங்கினாள். அந்தப் பெண் தன் உரப்பையில் ஒரு கரையை அவளுக்காக ஒதுக்கினாள். மேனுகா அதில் அமர்ந்தாள். மழை முகத்தில் விழுந்தது. குளிராகவும் இல்லை, சூடாகவும் இல்லை. விறாந்தையில் குதிகளில் இப்போது தோலும் இல்லை, சதையும் இல்லை. எலும்பு சீமெந்தில் தட்டியது. தட்டி, சதங்கையோடு சேர்ந்தது. யோகலிங்கம் தூணை விட்டுவிட்டார். அவளை மட்டும் பார்த்துக்கொண்டு ஆடினார்.

அவளும் அவரைப் பார்த்துக்கொண்டிருந்தாள். மடியில் கிடந்த அவளுடைய வலது கை, அவளைக் கேட்காமல், அந்த எலும்புச் சத்தத்துக்குத் தாளம் போட்டுக்கொண்டிருந்தது.